கட்டாயமில்லை

தினமும் காலையில் என்னோடு கடற்கரைச் சாலையில் நடக்க வரும் நண்பர் ஒருவரின் மகள், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வீடு வாங்கப் போகிறாள். "வெள்ளத்துக்குத் தனியா இன்ஷூரன்ஸ் எடுக்கணுமாமே? ஏஜெண்ட் தேவையில்லைன்னு சொல்றாராம். உங்க பையன் அங்கதானே இருக்கார், கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். நடந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தேன். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை போய்த் திரும்பியும் பாதிகூடச் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பியிருக்கும் மற்றவர்களுக்கும் உதவலாம்.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு என்று எல்லோரும் எடுப்பது தீக்கும் காற்றுக்கும் திருட்டுக்கும் கைகொடுக்கும். கூரை பிய்ந்து மழை உள்ளே வந்தால்கூடக் கொடுக்கும். தரையோடு வரும் வெள்ளத்துக்குக் கொடுக்காது. இது அங்கே பல வருஷம் குடியிருப்பவர்களுக்கே தெரிவதில்லை. "வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருப்பார்கள். வெள்ளத்துக்குத் தனி பாலிசி, தனி பிரீமியம், தனி விதிகள். அதைப் பெரும்பாலும் நடத்துவது மத்திய அரசாங்கம்.

அரசாங்கம் இதில் வந்த கதை சுருக்கமாக இது. 1927-இல் மிசிசிப்பி நதி பெருக்கெடுத்ததற்குப் பிறகு, தனியார் கம்பெனிகள் வெள்ளக் காப்பீட்டிலிருந்து ஒதுங்கிக்கொண்டன. 1965-இல் பெட்சி என்ற புயல் லூசியானாவைப் புரட்டிப் போட்டது. 1968-இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. எடுக்கலாம் என்று சொன்னால் யார் எடுப்பார்கள்? மிகச் சிலரே எடுத்தார்கள். ஆகவே 1973-இல் இன்னொரு சட்டம் போட்டு, அபாய மண்டலத்தில் இருக்கும் வீட்டுக்குக் கடன் கொடுக்கும் வங்கி, வெள்ளக் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

இங்கேதான் மண்டலம் என்ற சொல் வருகிறது. ஃபீமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பேரிடர் நிர்வாக அமைப்பு, நாடு முழுவதுக்கும் வெள்ள வரைபடம் வைத்திருக்கிறது. ஏ, ஏ.இ. என்று ஆரம்பிக்கும் மண்டலங்கள் அபாயமானவை. வி, வி.இ. என்றால் கடலோரம், தண்ணீரோடு மூன்றடி அலையும் அடிக்கும் இடம். கால்வெஸ்டன் தீவுப் பக்கம் போனால், தூண்மேல் வீட்டை ஏற்றி வைத்து, கீழே காரை நிறுத்தியிருப்பார்கள். அதெல்லாம் அந்த வகை. மற்றது எக்ஸ் மண்டலம். அபாயம் குறைவு என்று பொருள். அபாயம் இல்லை என்று பொருள் இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன்.

மகன் ஹூஸ்டன் நகரின் மேற்குப் புறநகரில் வீடு வாங்கியபோது, அந்த இடம் எக்ஸ் மண்டலம். வீட்டுப் பத்திரத்தோடு வந்த தாளில் 'வெள்ளக் காப்பீடு கட்டாயமில்லை' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்தராக இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் நில ஆவணங்களோடு கழிந்தது. ஒரு தாளில் 'கட்டாயமில்லை' என்று எழுதியிருந்தால் முதலில் நான் கேட்கும் கேள்வி, யாருக்குக் கட்டாயமில்லை, யாருடைய நன்மைக்காக இது எழுதப்பட்டது என்பதுதான்.

வங்கியின் நன்மைக்காக எழுதப்பட்டது. வீட்டுக்கடனுக்கு அங்கே 'மார்ட்கேஜ்' என்கிறார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் காதுக்கு அதில் இரண்டு சொற்கள் கேட்கும்: 'மோர்' என்றால் செத்தது, 'காஜ்' என்றால் அடகு. செத்த அடகு! பழைய பிரெஞ்சுச் சட்டச் சொல் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போயிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களே இப்போது வேறு சொல்லைத்தான் சொல்கிறார்கள். நம் ஊர் நொத்தேர் பத்திரங்களிலும் அந்த மற்றச் சொல்தான் இருக்கும். அது போகட்டும். அந்த அடகைக் காப்பாற்றத்தான் வங்கி மண்டலம் பார்க்கிறது. வரைபடத்தில் இருக்கும் கோடு, தண்ணீர் இதுவரை வரும், இதற்கு மேல் வராது என்று தண்ணீரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இல்லை. எந்த வீட்டுக்குக் கடன் கொடுக்கும்போது வங்கி பாலிசி கேட்க வேண்டும் என்று பிரிக்கிற கோடு.

அந்தக் கோட்டை எப்படிப் போடுகிறார்கள்? ஒரு வருஷத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் எதுவரை வரும் என்று கணக்கிடுகிறார்கள். இதற்கு 'நூறாண்டு வெள்ளம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதைப்போலக் குழப்பமான பெயரை நான் கண்டதில்லை. நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும், போன தடவை வந்துவிட்டது, இனி பேரன் காலத்தில்தான் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. ஒரு வருஷம் தப்பிக்கும் வாய்ப்பு 0.99. வீட்டுக்கடன் முப்பது வருஷம். 0.99-ஐ முப்பது தடவை பெருக்கிப் பாருங்கள், 0.74 வரும். அதாவது, அந்தக் கோட்டின் மேலேயே இருக்கும் வீட்டுக்குக் கடன் அடைவதற்குள் ஒரு தடவையாவது தண்ணீர் வரும் வாய்ப்பு 26 சதவீதம். நாலில் ஒன்று. ஹூஸ்டனில் 2015, 2016, 2017 என்று மூன்று வருஷம் அடுத்தடுத்துப் பெருவெள்ளம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நூறாண்டு, ஐந்நூறாண்டு என்று பெயர் சொன்னார்கள். வருஷம் மட்டும் மூன்றுதான் ஆகியிருந்தது.

கட்டாயமில்லை என்ற வரியைப் பார்த்துவிட்டு மகன் தாளை மூடி வைத்துவிட்டான். பாலிசி எடுத்தது மருமகள். அவள் கடலூர்ப் பெண். தண்ணீர் விஷயத்தில் கடலூர்க்காரர்களிடம் யார் எந்த வரைபடத்தைக் காட்டினாலும் நம்பமாட்டார்கள். "மாமா, கடைசி வீட்டுக்கு வராதுன்னுதான் எங்க தாத்தா வீட்டைக் கட்டினார், மூணு தடவை வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, வருஷத்துக்கு 450 டாலர் சொச்சம் கட்டி எடுத்துவிட்டாள். எக்ஸ் மண்டலத்துக்கு அப்போது சலுகைக் கட்டணம் உண்டு. கட்டடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர், உள்ளிருக்கும் சாமான்களுக்கு ஒரு லட்சம் டாலர். அரசாங்கப் பாலிசியில் வீடுகளுக்கு அதுதான் உச்ச வரம்பு. எதிர்வரிசையில் குடியிருந்தார் மகனின் நண்பர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய ஏஜெண்ட் அம்மாள், "கட்டாயமில்லை, அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு சேருங்கள்" என்று சொன்னாராம். அவர் நீச்சல் வகுப்பில் சேர்த்தார்.

2017 ஆகஸ்டில் நானும் மனைவியும் அங்கே இருந்தோம். பேரன் பிறந்து இரண்டு மாதம். 25-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு ஹார்வி புயல் ராக்போர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் கரையேறியது. ஹூஸ்டனுக்கு அது வெகு தூரம். காற்று எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் புயல் நகராமல் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றுகொண்டு நாலு நாள் கொட்டியது. நெடர்லாண்ட் என்ற ஊரில் மொத்தம் 60 அங்குலத்துக்கு மேல் பதிவானது. நம் கணக்கில் ஒன்றரை மீட்டர் மழை. சனிக்கிழமை ராத்திரி முழுக்க எல்லோருடைய கைபேசியும் எச்சரிக்கை அலறிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது சாக்கடைத் துளை வழியாகத் தெருவுக்குத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. ஏழு மணிக்கு வாசற்படி, எட்டு மணிக்குக் கூடம். மாடி இருந்ததால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போனோம். கீழே பதினாலு அங்குலம். எதிர்வரிசை நண்பர் வீட்டிலும் பதினாலு அங்குலம்.

எங்கள் தெருவுக்கு வந்தது வடிய வழியில்லாத வெறும் மழைத் தண்ணீர். ஆனால் அதே மேற்குப் பக்கத்தில் வேறொரு கதையும் நடந்தது. அது நீதிமன்றம் வரை போன விஷயம் என்பதால் சொல்கிறேன். நில ஆவணம் பார்த்தவனுக்கு மறக்க முடியாத கதை.

1929-இலும் 1935-இலும் ஹூஸ்டன் நகரம் மூழ்கியது. அதற்குப் பிறகு நகரத்தைக் காப்பாற்ற, மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு அணைகளை 1940-களில் ராணுவப் பொறியாளர் துறை கட்டியது. சாதாரண நாளில் இவை வெறும் காடும் புல்வெளியும் விளையாட்டு மைதானமும்தான். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரைப் பிறகு பஃபலோ பேயூ என்ற ஓடையில் மெல்ல விடுவார்கள். (பேயூ என்பது லூசியானா பிரெஞ்சுக்காரர்கள் செவ்விந்தியர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல். எங்கள் பள்ளி அகராதியில் பார்த்த நினைவில்லை.) அணை நிரம்பினால் தண்ணீர் எதுவரை பின்னோக்கி ஏறும் என்று பொறியாளர்களுக்குத் தெரியும். ஆனால் அரசாங்கம் அத்தனை நிலத்தையும் வாங்கவில்லை. பார்க்கரில் சுமார் 95 அடி உயரக் கோடு வரைதான் வாங்கியது. அதற்கு மேலே இருந்தது நெல்வயலும் மேய்ச்சல் நிலமும். யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். பிறகு நகரம் வளர்ந்தது. வயல்கள் மனைகளாயின. நீர்த்தேக்கத்தின் வயிற்றுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான வீடுகள் முளைத்தன. ஃபீமா வரைபடத்தில் அவற்றில் பெரும்பகுதி எக்ஸ் மண்டலம். அந்த வரைபடம் ஆறும் ஓடையும் பெருகுவதைக் கணக்கிடுகிறது. அணையில் வேண்டுமென்றே தேக்கும் தண்ணீரைக் கணக்கிடவில்லை. ஹார்வியில் பார்க்கர் தண்ணீர் 101 அடியைத் தாண்டியது.

இதில் எனக்கு ஆறாதது ஒன்று. ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் 1990-களில் பதிவான சில மனைப்பிரிவு வரைபடங்களில் இந்த எச்சரிக்கை இருந்தது. இந்த மனைகள் நீர்த்தேக்கத்தை ஒட்டியவை, கட்டுப்படுத்தப்பட்ட வெள்ளம் நெடுநாள் நிற்கக்கூடும் என்ற கருத்தில், குறிப்புகளோடு குறிப்பாகச் சின்ன எழுத்தில். வீடு வாங்குகிறவர் கையில் மனைப்பிரிவு வரைபடத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிற வழக்கம் அங்கே இல்லை. எழுதியாயிற்று, பதிந்தாயிற்று, எழுதியவர்கள் கடமை முடிந்தது. கோப்பில் குறிப்பு எழுதுகிற எங்கள் இனத்தாருக்கு இந்தத் தந்திரம் நன்றாகவே தெரியும். அணைக்கு மேல்புறம் மூழ்கிய வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் மத்திய உரிமைக்கோரல் நீதிமன்றம், தனியார் நிலத்தை அரசாங்கம் தண்ணீர் தேக்கப் பயன்படுத்திக்கொண்டது, அதற்கு அரசாங்கமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அதே வருஷம் செப்டம்பர் முதல் டெக்சாஸில் புதுச் சட்டமும் வந்தது: வீட்டை விற்பவர், முன்பு வெள்ளம் புகுந்ததா, நீர்த்தேக்கத்தின் வெள்ளப் பரப்புக்குள் இருக்கிறதா, எந்த மண்டலம், வெள்ளக் காப்பீடு இருக்கிறதா என்று படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நண்பரின் மகள் முதலில் கேட்டு வாங்க வேண்டிய தாள் அதுதான். மனைப்பிரிவு வரைபடத்தையும் கவுண்டி அலுவலகத்தில் கேட்டு வாங்கி, குறிப்புகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கட்டும்.

இனி எண்கள். ஹாரிஸ் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி, ஹூஸ்டன் நகரின் பெரும்பகுதி அதில்தான்) வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறை ஹார்விக்குப் பிறகு எடுத்த கணக்கின்படி, தண்ணீர் புகுந்த வீடுகள் சுமார் 1,54,000. அவற்றில் 68 சதவீதம் அந்த நூறாண்டுக் கோட்டுக்கு வெளியே இருந்தவை. 64 சதவீத வீடுகளுக்கு வெள்ளக் காப்பீடு இல்லை. இந்த இரண்டு எண்ணும் இவ்வளவு அருகருகே இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கோட்டுக்கு வெளியே இருந்தவர்களிடம் யாரோ 'கட்டாயமில்லை' என்று சொல்லியிருக்கிறார்கள்.

தண்ணீர் இரண்டே நாளில் இறங்கிவிட்டது. பிறகுதான் வேலை. அமெரிக்க வீட்டின் சுவர் நம் ஊர்ச் செங்கல் சுவர் இல்லை. மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்திருப்பார்கள். தண்ணீரை அது திரி மாதிரி மேலே இழுக்கும். பதினாலு அங்குலம் தண்ணீர் வந்தால் நாலடி உயரத்துக்குப் பலகையை வெட்டி எறிய வேண்டும். எறியாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கம்பளம், சமையலறை அலமாரி, அடுப்பு, துவைக்கும் மெஷின் எல்லாம் தெருவோரம் மலைமலையாகக் குவிந்தன. எல்லா வீட்டு வாசலிலும் ஒரே மாதிரி மலை. அதற்குள் மருமகள் பாலிசிப் புத்தகத்தைக் கொண்டுவந்து, "மாமா, இதைப் படிச்சுச் சொல்லுங்க, எனக்குக் குழந்தையை வச்சிக்கிட்டு முடியலை" என்றாள்.

படித்தேன். நல்ல ஆவணம்தான், அரசாங்க ஆவணத்துக்கு உரிய எல்லாக் குணமும் அதில் இருந்தது. முதலில் வெள்ளம் என்றால் என்ன என்றே ஒரு விளக்கம்: சாதாரணமாக உலர்ந்திருக்கும் நிலம் இரண்டு ஏக்கராவது, அல்லது இரண்டு சொத்தாவது தண்ணீரில் மூழ்க வேண்டும். உங்கள் வீட்டில் மட்டும் குழாய் உடைந்து நிரம்பினால் அது வெள்ளம் இல்லை. கட்டடம் வேறு, சாமான் வேறு; இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். வங்கி கட்டாயப்படுத்தி எடுக்க வைக்கும் பாலிசிகளில் பலருக்குக் கட்டடம் மட்டும்தான் இருக்கும். வங்கிக்கு உங்கள் சோபா மேல் என்ன அக்கறை? சாமான்களுக்குப் புது விலை கிடைக்காது. தேய்மானம் கழித்த விலைதான். கார் இதில் சேராது, அதற்குக் கார் பாலிசி. தோட்டம், வேலி, நீச்சல் குளம் சேராது. வீடு சரியாகும்வரை வெளியே தங்கும் வாடகையும் கிடையாது. இது பலருக்குப் பெரிய இடி. மகன் ஐந்து மாதம் வாடகைக் குடித்தனத்துக்கும், குடியிருக்க முடியாத வீட்டின் கடனுக்கும் சேர்த்துப் பணம் கட்டினான்.

கிளெய்முக்குச் சாமான் பட்டியல் வேண்டும். அதை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு நீளக் கணக்கு நோட்டில் பத்தி பிரித்து: சாமான், கம்பெனி, வாங்கிய வருஷம், விலை, ரசீது உண்டா, புகைப்பட எண். எறிவதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுக்கச் சொன்னேன். கம்பளத்தில் ஒரு சாண் துண்டு வெட்டி வைத்தோம், தரம் காட்ட. மொத்தம் 412 இனங்கள் வந்தன. மனைவி ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த மாவரைக்கும் கிரைண்டரும் அதில் ஒன்று. மூன்று வாரம் கழித்து மதிப்பீட்டாளர் வந்தார், நல்ல மனிதர், பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்டார். கிரைண்டர் என்ன என்பதை விளக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. கல்லுக்குத் தேய்மானம் உண்டா என்று அவர் யோசித்தது இன்னும் நினைவிருக்கிறது. ஜனவரிக்குள் கட்டடத்துக்கு 70,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவாகவும், சாமான்களுக்கு 20,000 சொச்சமும் வந்தது. போட்டது முழுவதும் வரவில்லை. வீடு எழுந்து நின்றது.

எதிர்வரிசை நண்பருக்கு அரசாங்க உதவி கிடைத்தது. பேரிடர் உதவி என்றால் வீடு கட்டித் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 2017-இல் ஒரு குடும்பத்துக்கு ஃபீமா கொடுக்கக்கூடிய உச்ச வரம்பே 33,000 டாலர் சொச்சம்தான். உச்ச வரம்பை எல்லோரும் தொடுவதில்லை. அவருக்கு வந்தது ஒன்பதாயிரம். மீதிக்குக் கடன். அதையும் கொடுப்பது சிறுதொழில் நிர்வாகம் என்ற அலுவலகம். வீடு இழந்தவன் ஏன் சிறுதொழில் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள், அங்கே அப்படித்தான். ஏற்கெனவே இருந்த வீட்டுக்கடனுக்கு மேல் அந்தக் கடன். அதுவும் போதாமல் ஓய்வுக்கால சேமிப்பிலிருந்து அபராதம் கட்டி எடுத்தார். சனிக்கிழமைகளில் தானே பலகை அடித்துக்கொண்டிருப்பார். நான் போய் ஆணிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "அங்கிள், ஒரே தெரு, ஒரே தண்ணி" என்று ஒரு நாள் சொன்னார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இந்தச் சமயத்தில் பிரான்சிலிருந்து மைத்துனர் போன் செய்தார். நம் ஊரில் சொல்தா என்று சொல்வோமே, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மண்டலம், தனி பாலிசி என்று நான் சொன்னதெல்லாம் அவருக்குப் புரியவே இல்லை. அங்கே 1982 ஜூலை 13-ஆம் தேதிச் சட்டப்படி, யார் வீட்டுக் காப்பீடு எடுத்தாலும் இயற்கைப் பேரிடர் பாதுகாப்பு அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மலை மேல் இருப்பவரும் ஆற்றங்கரையில் இருப்பவரும் ஒரே விகிதத்தில் கூடுதல் கட்டணம் கட்டுகிறார்கள்: நெடுங்காலமாக 12 சதவீதம், 2025 ஜனவரியிலிருந்து 20 சதவீதம். எடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. எனக்கு அந்த முறைதான் பிடித்திருக்கிறது. படித்த பள்ளியின் பாசம் என்று நீங்கள் சொன்னாலும் சரி. ஆனால் அதிலும் ஒரு முடிச்சு உண்டு. உங்கள் ஊரில் நடந்தது இயற்கைப் பேரிடர்தான் என்று அமைச்சர்கள் ஆணையிட்டு, அது அரசிதழில் வந்தால்தான் பணம். எல்லோரும் சேர்ந்து கட்டுகிற பணம் இருக்கிறது என்பதற்காக, கட்டக்கூடாத இடத்தில் வீடு கட்டுவதும் நிற்கவில்லை. 2010 பிப்ரவரியில் க்சின்தியா புயலில் லா ஃபோத்-சுர்-மேர் என்ற கடலோர ஊரில் மட்டும் 29 பேர் இறந்தார்கள். கடல் மட்டத்துக்குத் தாழ்வான நிலத்தில், தடுப்புக் கரையை நம்பிக் கட்டிய வீடுகள். பிறகு அரசாங்கம் அவற்றை விலைக்கு வாங்கி இடித்தது.

அமெரிக்க முறை இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து பிரீமியத்தை மண்டலத்தை வைத்துப் போடுவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று தனித்தனியாகக் கணக்கு. குடியிருக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் வருஷத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வரம்பு உண்டு. பழைய 450 டாலர் எல்லாம் இப்போது கனவு. மண்டலம் இன்னும் இருக்கிறது, வங்கிக்காக. கட்டணம் சொல்லும் அபாயமும் மண்டலம் சொல்லும் அபாயமும் இனி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எக்ஸ் மண்டலத்தில் இருக்கும் வீட்டுக்குப் பிரீமியம் அதிகமாகக் கேட்டால் கோபப்படாதீர்கள். அந்தத் தொகையே உங்களுக்கு ஒரு செய்தி.

மழைக் கணக்கும் மாறிவிட்டது. ஹூஸ்டன் பகுதியில் ஒரு நாளில் 13 அங்குலம் பெய்தால் நூறாண்டு மழை என்று முன்பு வைத்திருந்தார்கள். 2018-இல் அதை 18 அங்குலமாகத் திருத்தினார்கள். 18 அங்குலம் என்றால் 45 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது நம் புதுச்சேரியில் ஒரே நாளில் பெய்தது அந்த அளவுதான். ரெயின்போ நகரில் படகு விட்டார்கள். நம்மிடம் வீட்டு எண்ணைத் தட்டினால் மண்டலம் காட்டும் வரைபடம் இல்லை. கட்டாயம் இல்லை என்று சொல்லக்கூட ஆளில்லை. ஆனால் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தரும் வீட்டுப் பாலிசியில் தீயோடு வெள்ளமும் சேர்ந்தே வருகிறது. கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, பத்து லட்சத்துக்கு மிகாமல், பொதுவான வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே பாதுகாப்பு உண்டு. இதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

இனி நண்பரின் மகளுக்கு. வீட்டு முகவரியை ஃபீமாவின் வரைபடத் தளத்தில் தட்டினால் மண்டலம் தெரியும், காசு கிடையாது. சாதாரணமாகப் பாலிசி எடுத்தால் அது உயிர்பெற 30 நாள் ஆகும். டி.வி.யில் புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஓடினால் பயனில்லை. ஆனால் வீட்டுக்கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. கையெழுத்துப் போடும் அன்றே அமலுக்கு வரும். அவளுக்கு இதுதான் சமயம், அடுத்த மாதம் அவள் கையெழுத்துப் போடுகிறாள். கட்டடம், சாமான் இரண்டுக்கும் எடுக்கட்டும். கடலோரத்துக்குப் பக்கம் என்றால் காற்றுக்கு என்ன பாலிசி என்றும் கேட்க வேண்டும். 2008-இல் ஐக் புயலில் பொலிவர் தீபகற்பத்தில் பல வீடுகள் போய், சிமெண்டுத் தளம் மட்டும் மிஞ்சியது. வீட்டைக் கொண்டுபோனது காற்றா தண்ணீரா என்று வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது.

விற்பவரிடம் ஏற்கெனவே வெள்ளப் பாலிசி இருந்தால் அதையே தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். பழைய குறைந்த கட்டணம் அதோடு வரும், படிப்படியாகத்தான் ஏறும். எதிர்வரிசை நண்பர் 2020-இல் வீட்டை விற்றபோது அப்படித்தான் செய்தார். ஹார்விக்கு அடுத்த மாதமே அவர் பாலிசி எடுத்திருந்தார். விற்பனைப் படிவத்தில் 'முன்பு வெள்ளம் புகுந்ததா' என்ற கட்டத்தில் ஆம் என்று எழுதி, கேட்காமலே பக்கத்தில் பதினாலு அங்குலம் என்றும் எழுதினாராம். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார்கள். கொடுத்துவிட்டு, பாலிசியையும் அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்.